பச்சைப் பீரோவில் இருந்த ஜோடி டிஸ்க்குகள்

போன வாரம் கவிதா போன் செய்தாள். ஒட்டன்சத்திரத்துப் பெண். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"ஸ்டெல்லா மேடம், நல்லா இருக்கீங்களா? ஒரு விசயங்க. இனிமே நம்ம சாப்ட்வேர் அப்டேட் எல்லாம் நெட்டுலயே தானா போயிருமுங்க. சிடி, பென் டிரைவ் எதுவும் வேண்டாமுங்க. அந்தப் பச்சைப் பீரோவ இரும்புக் கடைக்குப் போட்டரலாம்னு சொல்றாங்க. உள்ள இருக்கறதெல்லாம் என்ன பண்றதுங்க?"

"நான் வந்து பாக்குற வரைக்கும் ஒருத்தரும் அதுல கை வைக்கக்கூடாது" என்றேன். சொன்ன பிறகுதான், ஓய்வு பெற்றவளுக்கு இந்த அதட்டல் எதற்கு என்று தோன்றியது. சின்ன வயதிலிருந்தே வீட்டில் எனக்கு மிளகாய் வத்தல் என்றுதான் பெயர். கவிதா பொறுமைசாலி. "சரிங்க மேடம், வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தப் பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்று கவிதாவுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எனக்கு முழுசாகத் தெரியும். அதைப் பற்றி எழுதி வையுங்கள் என்று ஆபீசில் இருக்கிற பிள்ளைகள் பல தடவை கேட்டிருக்கிறார்கள். எழுத என்ன இருக்கிறது, டிஸ்க் அனுப்பினோம், அவர்கள் போட்டுக்கொண்டார்கள் என்று தட்டிக் கழித்து வந்தேன். பீரோ இரும்புக் கடைக்குப் போகப் போகிறது என்றதும் மனசு கேட்கவில்லை.

கணக்கில் பட்டம் வாங்கினேன், கம்ப்யூட்டர் டிப்ளமோ ஒன்று முடித்தேன். அப்பா சர்ச் நடத்தும் பங்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார். நானும் சாக்பீஸ் பிடிப்பேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல் பழனி ரோட்டில் ஒரு மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். நூற்பு மில்களுக்கு சாப்ட்வேர் செய்யும் கம்பெனி அது. எத்தனை பேல், அதாவது பொதி, பஞ்சு வந்தது, எது எந்தக் கலவைக்குப் போனது, எவ்வளவு நூல் வெளியே போனது என்று எல்லாக் கணக்கும் அதில் இருக்கும். வேடசந்தூர் பக்கத்து மில்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. முதல் சில வருடம் புரோகிராம் எழுதக் கற்றேன், திட்டு வாங்கினேன், அழுதேன், மறுபடி எழுதினேன். அந்தக் கதை எல்லோருக்கும் ஒன்றுதான்.

கம்பெனியை நடத்தியவர் ஹபீப் சார். பேகம்பூர்க்காரர். அவர் வீட்டில் தலைமுறையாகத் தோல் வியாபாரம். இவர் ஒருவர்தான் படித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். ஆனால் தோல் குடோனை விட்டு வந்தாலும் குடோன் அவரை விடவில்லை. ஒரு பிளாப்பியைக் கையில் கொடுத்தால், தோலைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தாழ்ப்பாளை நகத்தால் தள்ளிப் பார்ப்பார். அந்தத் தாழ்ப்பாள் ஒரு பக்கம் இருந்தால் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுத முடியாது. மறுபக்கம் தள்ளினால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வைரஸும் அந்த வழியாகத்தான் உள்ளே போகும்.

கோபம் வந்தால் அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். யாராவது பெரிய தப்பாகச் செய்துவிட்டால் "நல்லதும்மா" என்பார். அந்த "நல்லதும்மா"வுக்கு நாங்கள் நடுங்குவோம். நான் கத்துவேன், அவர் முணுமுணுப்பார், பயம் என்னவோ அவர் மேல்தான் எல்லோருக்கும்.

டிஸ்க் வெளியே போவதற்கு அவர் வைத்திருந்த முறையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. புரோகிராம் எழுதியவர் டிஸ்க்கை அனுப்பக்கூடாது. எழுதியவருக்கு அவர் பிள்ளை அழகாகத்தான் தெரியும் என்பார். அனுப்புவது என் வேலை. ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் டிஸ்க் எழுதலாம். அதில் வெளி டிஸ்க் எதையும் போடக்கூடாது. எங்கள் ஆபீஸ் பையன்களே அவரவர் மேசைக்குப் புதுப் பதிப்பு வேண்டுமென்றால் என்னிடம் வந்து கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மில்லுக்கு ஒரு டிஸ்க் எழுதினால் அதே மாதிரி இன்னொன்று எழுதி, இரண்டின் தாழ்ப்பாளையும் பூட்டி, ஒன்றைப் பச்சைப் பீரோவில் வைக்க வேண்டும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வெளியே போன பிள்ளைக்கு ஏதாவது ஆனால், வீட்டில் இருக்கிற பிள்ளை சாட்சி சொல்லும்.

அப்புறம் நம்பர். டிஸ்க்கில் உள்ள எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து எட்டு எழுத்தில் ஒரு விடை சொல்லும் சின்னப் புரோகிராம் ஒன்றை சார் எழுதியிருந்தார். டிஸ்க்கில் ஒரு புள்ளி மாறினாலும் விடை வேறாக வரும். அந்தச் சரிபார்க்கும் புரோகிராமை ஒவ்வொரு மில்லுக்கும் அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார். பூட்டையும் சாவியையும் ஒரே பையில் அனுப்பக்கூடாது என்பது அவர் சொல்வது. டிஸ்க் வந்ததும் மில் ஆள் அதை ஓட்டி, வருகிற விடையை எனக்குப் போனில் படிக்க வேண்டும். நான் பீரோவில் உள்ள ஜோடியின் விடையோடு ஒத்துப் பார்த்து "சரி" என்ற பிறகுதான் உள்ளே போட வேண்டும். நாங்கள் முதலில் சொல்லக்கூடாது. சொன்னால் நம் ஊரில் "ஆமா மேடம், அதேதான்" என்று பாராமலே சொல்லிவிடுவார்கள்.

விடையில் எண்களோடு ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்தும் வரும். பி-யும் டி-யும் போனில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் ஊர்ப் பெயர் வைத்தோம். ஏ என்றால் ஆயக்குடி, பி பேகம்பூர், சி சின்னாளபட்டி, டி திண்டுக்கல், ஈ எரியோடு. எஃப்-க்கு மட்டும் சுற்றுவட்டாரத்தில் ஊர் அகப்படவில்லை. சாரின் மனைவி பெயர் ஃபாத்திமா. அதையே வைத்துக்கொண்டோம். மில் கிளார்க்குகள் அந்த எழுத்து வந்தால் மட்டும் "ஃபாத்திமாம்மா" என்று மரியாதையோடு படிப்பார்கள்.

"ஆளை நம்பும்மா, டிஸ்க்கை நம்பாதே." இதை சார் சொல்லாத வாரம் கிடையாது.

புதுப் பதிப்பு எதுவானாலும் முதலில் மூன்று மில்களுக்கு மட்டும் சோதனைக்குப் போகும். அங்கே ஓட்டிப் பார்த்துக் குறை சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. சோதனை டிஸ்க் ஒவ்வொன்றிலும் அந்தந்த மில்லின் பெயர் திரையின் மேல் மூலையில் சின்னதாகத் தெரியும்படி செய்திருந்தோம். அந்த மூவரில் முக்கியமானவர் வேடசந்தூர் தாண்டி ஒரு மில்லில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த முருகேசன். அவரைப்போல் குறை கண்டுபிடிக்க ஆள் கிடையாது. "மேடம், பேல் எடைய மைனஸ்ல போட்டாலும் வாங்கிக்கிருது. பஞ்சு என்ன நமக்கு கடனா குடுத்துருக்கு?" என்பார். எனக்கு எரிச்சல் வரும். அவர் சொன்னது சரியாகவும் இருக்கும். அது இன்னும் எரிச்சல்.

இந்த முறைகளுக்கெல்லாம் ஒருநாள் பரீட்சை வந்தது.

கன்னிவாடிப் பக்கம் இன்னொரு மில். எங்கள் பழைய பதிப்பை வைத்திருந்தவர்கள். அதன் மேனேஜர் ஒருநாள் காலையில் போனில் கத்தினார். "உங்க புது டிஸ்க்கு வந்ததும் எங்க கம்ப்யூட்டருக்கு நோய் வந்துருச்சு. பேல் கணக்கு அம்புட்டும் அழிஞ்சு போச்சு. இதை நான் சும்மா விடுறதா இல்ல. இந்த வட்டாரத்துல ஒரு மில்லு உங்க சாப்ட்வேரைத் தொடாது."

அந்த மில்லுக்கு நாங்கள் புது டிஸ்க் அனுப்பவே இல்லை. நான் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். சார் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். "சார், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். திரையில மேல் மூலையில ஒரு மில்லு பேரு இருக்கும். அதைச் செத்த படிங்க" என்றார்.

மேனேஜர் படித்தார். முருகேசனின் மில்.

சார் போனை வைத்துவிட்டு "நல்லதும்மா" என்றார். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நாங்கள் எட்டுப் பத்துப் பேர் அந்த மாடியை நம்பிப் பிழைத்தோம். டிஸ்க்கில் வைரஸ் வருகிறது என்ற பேச்சு ஒரு மில்லில் கிளம்பினால் போதும், மறுவாரம் எல்லா மில்லிலும் இருக்கும். அப்புறம் கடையை மூட வேண்டியதுதான்.

பீரோவிலிருந்து முருகேசன் டிஸ்க்கின் ஜோடியை எடுத்துக்கொண்டு நானும் சாரும் வேடசந்தூர் பஸ் ஏறினோம். வழி முழுக்க நான் பொரிந்துகொண்டே வந்தேன். "ஆளை நம்பு, ஆளை நம்புன்னீங்களே சார், நம்பின லட்சணத்தைப் பாத்தீங்களா?" சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்களைக் கண்டதும் முருகேசனுக்கு முகம் செத்துவிட்டது. ஒன்றும் கேட்காமலே மேசை இழுப்பறையைத் திறந்து டிஸ்க்கை எடுத்து வைத்தார். சார் திருப்பிப் பார்த்தார். தாழ்ப்பாள் திறந்திருந்தது. இரண்டு டிஸ்க்குக்கும் நம்பர் ஓட்டிப் பார்த்தோம். எங்கள் ஜோடி, அனுப்பிய அன்று வந்த அதே விடையைச் சொன்னது. அவருடையது வேறு விடை சொன்னது.

"யாருக்குக் குடுத்தீங்க?" என்றார் சார்.

"எம் மச்சானுக்கு சார். கன்னிவாடிப் பக்கம் ஒரு மில்லுலதான் வேலை பாக்குறாரு." முருகேசன் நின்றபடியே பேசினார். "போன வாரம் எம் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சார் அவரு. சீர் கொண்டாந்து எறக்கி, பிள்ளைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. ஆசாரி ஊசிய எடுத்துட்டாரு. அந்த நேரத்துல, 'புதுசு ஒண்ணு ஒங்கிட்ட வந்துருக்காமே மாப்பிள, ஒரு ரெண்டு நாள் குடேன், பாத்துட்டுத் தாரேன்'ங்கிறாரு. பிள்ளை அவரு மடியில இருக்கு. கம்பெனி ரூல்ஸ் மச்சான், தர மாட்டேன்னு எந்த வாயால சார் சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"திருப்பிக் குடுக்கும்போது தாழ்ப்பாள் தெறந்திருந்துச்சு சார். என்ன மச்சான்னு கேட்டேன். டிஸ்க்குல எடம் சும்மாதான கெடந்துச்சு, எம் லீவு லெட்டரு நாலு அதுல போட்டு வச்சேன்னாரு. ஒடனே நம்பர் ஓட்டிப் பாத்தேன். ஒத்துவரல. அப்பவே ஒங்களுக்குப் போன் பண்ணிருக்கணும். பயந்துக்கிட்டு இழுப்பறையில போட்டுப் பூட்டிட்டேன். ஆனா சத்தியமா சார், அதுக்கப்புறம் அதை மெசின்ல போடல."

இதற்குள் அவர் கண் கலங்கிவிட்டது. அவர் ஒருவர் சம்பளத்தில்தான் வீடு. மில்லுக்காக வந்த சாப்ட்வேரை இன்னொரு மில்லுக்குத் தூக்கிக் கொடுத்தார் என்று தெரிந்தால் அவர் மேனேஜர் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புவார். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், வெளியே வந்ததும் சாரிடம் அதைத்தான் கேட்டேன். இந்த ஆளைப் போட்டுக் கொடுத்தால் நம் பெயர் தப்பிக்கும் என்றேன்.

சார் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுப் பேசினார். "மச்சானுக்குக் குடுத்தது தப்புதான். ஆனா திரும்பி வந்ததும் நம்பர் ஓட்டிருக்கான். ஒத்துவரலைன்னதும் மெசின்ல போடல. நான் சொல்லிக் குடுத்ததை, யாரும் பாக்காதபோதும் செஞ்சிருக்கான் பாரும்மா. அந்த மாதிரி ஆளு எத்தனை பேரு இருக்கான் நமக்கு?"

நான் டீயைக் குடித்தேன்.

மறுநாள் கன்னிவாடி மில்லுக்குப் போனோம். சார் அங்கிருந்த பழைய டிஸ்க்குகளைச் சோதித்தார். பாதிக்கு மேல் அதே வைரஸ். எங்கள் டிஸ்க் அங்கே போவதற்கு முன்பே அது அந்தக் கம்ப்யூட்டரில் குடியிருந்திருக்கிறது. லீவு லெட்டர் எழுதத் தாழ்ப்பாளைத் திறந்ததும் எங்கள் டிஸ்க்கிலும் ஏறிக்கொண்டது. பீரோ ஜோடியையும் மேனேஜர் முன்னாலேயே சோதித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது. மேனேஜருக்குக் கோபம் இறங்கவில்லை, திசை மட்டும் மாறியது. "அப்ப அந்த வேடசந்தூர் ஆளு குடுத்துதான் இந்த வினை. இப்பவே அவங்க மேனேஜருக்குப் போனைப் போடுறேன்" என்று ரிசீவரை எடுத்தார்.

"தாராளமாப் போடுங்க சார்" என்றார் ஹபீப் சார், அதே இறங்கிய குரலில். "கேட்டு வாங்கினது ஒங்க மில்லு ஆளுன்னும் சேத்துச் சொல்லிருங்க."

மேனேஜர் ரிசீவரைத் திரும்பக் கீழே வைத்துவிட்டார். அழிந்த பேல் கணக்கை ஸ்டோர் அட்டைகளைப் பார்த்து நாங்களே மறுபடி ஏற்றித் தருகிறோம் என்று சார் சொன்னார். அந்த வாரம் முழுக்க நானும் அந்த மச்சானும் எதிரெதிரே உட்கார்ந்து ஏற்றினோம். நல்ல மனுசன்தான். வாயெல்லாம் பல்லாக, "மேடம், இந்த மெசின்ல இன்னும் எடம் எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார். அவரை நான் முறைத்த முறையில் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

முருகேசன் தன் மேனேஜரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. மேனேஜர் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து, வேலையை விட்டு எடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றும், எப்படியும் சோதனைக்கு வேறு ஆளைப் போடுகிறேன் என்றும் சொன்னார்.

"வேற ஆளைப் போட்டா நான் டிஸ்க் அனுப்பமாட்டேன் சார்" என்றார் ஹபீப் சார். "இந்த வட்டாரத்துல நான் நம்புற ஆளு அவரு ஒருத்தர்தான்."

முருகேசனின் வேலை தப்பியது.

அதன் பிறகு பிளாப்பி போய் சிடி வந்தது. மில்கள் கூடின, ஆபீசும் பெரிதாகி எல்லா மேசையையும் கம்பி போட்டு இணைத்தோம். அப்போதும் சார் விடவில்லை. புதுப் பதிப்பு இருக்கும் இடத்தில் எழுதும் உரிமை என் ஒருத்திக்குத்தான். மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம், தொட முடியாது. சிடிக்கும் ஜோடி எழுதிப் பச்சைப் பீரோவில் வைத்தோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ரமலான் மாதம். முருகேசனின் மில்லுக்கு சாரே எழுதிய ஒரு திருத்தம் அவசரமாகப் போக வேண்டியிருந்தது. கொண்டுபோக ஆள் இல்லாததால் நோன்போடு சாரே ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். நான் ஜோடியைப் பீரோவில் வைத்துவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று எங்கள் தெருவில் பள்ளம் தோண்டிக் கேபிளை அறுத்துவிட்டார்கள். போன் செத்துக் கிடந்தது.

அங்கே நடந்ததை சார் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முருகேசன் சிடியை வாங்கி நம்பரை ஓட்டிக் குறித்துக்கொண்டார். திண்டுக்கல்லுக்குப் போன் போகவில்லை. சிடியை மேசை மேல் வைத்துவிட்டு, "உக்காருங்க சார், லைன் கெடைக்கட்டும்" என்றார்.

"நானே கொண்டு வந்திருக்கேனேப்பா. என் கையால எழுதின திருத்தம்" என்றார் சார்.

"அதனாலதான் சார். எழுதுனவரு அனுப்பக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஸ்டெல்லா மேடம் சரின்னு சொல்லட்டும், போட்டுருவோம்."

வெயில் இறங்கும் வரைக்கும் சார் அந்த ஸ்டோர் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். லைன் சரியானதும் முருகேசன் படித்தார், நான் ஒத்துப் பார்த்தேன், கடைசி எழுத்து ஃபாத்திமாம்மா. எல்லாம் சரியாகவே இருந்தது. அதற்குள் நோன்பு திறக்கும் நேரமாகிவிட்டது. முருகேசன் முன்பே ஆள் அனுப்பி வேடசந்தூர்ப் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வைத்திருந்தார். அதைக் குடித்துவிட்டுத்தான் சார் திரும்பினார்.

மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து, "ஸ்டெல்லா, என்னையே நிறுத்தி வச்சுட்டான். இனி நான் வீட்ல இருந்துக்கலாம்மா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த வருடமே பொறுப்பை எங்களிடம் விட்டுவிட்டு விலகிக்கொண்டார். இப்போது அவர் இல்லை. எந்தப் பையில் பூட்டையும் சாவியையும் சேர்த்துப் போட்டாலும் அவர் நினைப்பு வந்துவிடும்.

நேற்று ஆபீசுக்குப் போனேன். பச்சைப் பீரோவைத் திறந்தேன். மேல் தட்டில் அந்த இரண்டு பிளாப்பிகள், முருகேசனிடமிருந்து வாங்கி வந்ததும் அதன் ஜோடியும். ஒன்றின் தாழ்ப்பாள் பூட்டியிருந்தது, மற்றதில் திறந்திருந்தது. சார் போட்ட ரப்பர் பேண்டு உருகி இரண்டோடும் ஒட்டிப்போயிருந்தது. கவிதா பக்கத்தில் நின்று புது முறையை விளக்கினாள்.

"ஒவ்வொரு பதிப்புலயும் நம்ம கம்பெனி கையெழுத்து மாதிரி ஒண்ணு வச்சு அனுப்பறமுங்க மேடம். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரே அதச் சரிபாத்துக்கும். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் உள்ள விடாதுங்க. ஒரு மில்லுக்குப் போனது இன்னொரு மில்லுல ஓடவும் செய்யாதுங்க. அதும் மொதல்ல டெஸ்ட் பண்றவங்களுக்குத்தான் போகும், அப்பறந்தான் மத்தவங்களுக்குங்க."

எல்லாம் சாருடைய முறைதான். ஆள் மட்டும் நடுவில் இல்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒட்டிப்போன ஜோடியை மட்டும் எடுத்துக்கொண்டு, பீரோவைக் கொடுத்துவிடு என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முருகேசனுக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்று இப்போது ஆயக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். அன்றைக்குக் காது குத்திக்கொண்ட அதே மகள். மாப்பிள்ளைக்குக் கொய்யாத் தோப்பு. கவிதா சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நம்பரை யாரும் படிக்க வேண்டாமா மேடம்?"

"வேண்டாம். கம்ப்யூட்டரே பாத்துக்கிரும்."

"யாரு வந்து கேட்டாலும் குடுக்காதா?"

"குடுக்காது."

தோப்பில் யாரோ கிளி விரட்டுவது கேட்டது.

"அதுக்கென்ன மேடம்," என்றார் முருகேசன். "அதுக்கு மச்சான் இருக்கா, மாமன் இருக்கா."